இடது கைப்பிடியின் முதல் சூடு

அந்த ரப்பரை இப்போது யாரும் செய்வதில்லை. செய்யக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. ஆனால் ஒரு காலத்தில், இருபது வருஷத்துக்கு மேல், கோயம்புத்தூரில் அது ஓடாத தெருவே கிடையாது. பேட்டரி மொபெட்டின் இரண்டு கைப்பிடிகளிலும் அதுதான் இருக்கும். கறுப்பாக, தொட்டால் லேசாகப் பிசுபிசுத்துக்கொண்டு, புது வண்டியில் பலூன் வாசனை அடிக்கும். ரப்பரோடு கரண்ட் ஓடக்கூடிய ஏதோ ஒரு பிளாஸ்டிக்கைக் கலந்து பிசைந்திருந்தார்கள். அதனால் வண்டிக்குச் சாவியே தேவைப்படவில்லை. சொந்தக்காரர் கையை வைத்தால், அந்தக் கையின் சூட்டையும் அழுத்தத்தையும் ரப்பர் கண்டுகொண்டு வண்டியைக் கிளப்பும். மச்சான் வந்து கை வைத்தால் கிளம்பாது. இரவல் கேட்கிறவர்களிடமிருந்து தப்பிக்க இதைவிட நல்ல கண்டுபிடிப்பு உண்டா! ஊரே கொண்டாடியது.

கொண்டாட்டத்துக்கு நடுவில்தான் அந்த இன்னொரு விஷயம் தெரியவந்தது. சிங்காநல்லூரில் ஒரு மெக்கானிக், செத்துப்போன ஒருவருடைய மொபெட்டைப் பிரித்துப்போட்டு, கைப்பிடியில் கரண்ட் ஓடுகிறதா என்று பார்க்கச் சின்ன பேட்டரி ஒன்றைச் சேர்த்தார். ரப்பர் மெல்லச் சூடேறியது. திடீரென்று மனுஷர் “ஐயோ” என்று அலறிக் கைப்பிடியை வீசிவிட்டு ரோட்டுக்கு ஓடினார். யாரோ என் கையைப் பிடித்தார்கள் என்றார். காலையிலேயே ஊற்றிக்கொண்டு வந்துவிட்டார் என்று எல்லோரும் சிரித்தார்கள். அவர் சொன்னது அப்பட்டமான உண்மை என்று தெரிய ஆறு மாதம் ஆயிற்று.

அதற்குப் பிறகு சத்தி ரோட்டில் இருந்த மருதம் ரப்பர் லேபின் வாசலில் கூட்டம் நிற்க ஆரம்பித்தது. வந்தவர்கள் எல்லோரும் கையில் எவர்சில்வர் டப்பாவோ டிபன் பாக்ஸோ வைத்திருப்பார்கள். உள்ளே ஐஸ், ஐஸுக்கு நடுவில் ஒரு கைப்பிடி. அவர்களுக்கு விஷயத்தை விளக்கிச் சொல்வது கோகிலவாணியின் வேலை. வெப்பப் பரிசோதனைப் பிரிவுக்கு அவள்தான் தலைவி. தலைவி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம், அந்தப் பிரிவில் இருந்ததே இரண்டு பேர்தான்.

“ரப்பருக்குக் கண்ணு காதெல்லாம் கெடையாதுங்க,” என்று ஆரம்பிப்பாள். “அதுக்குத் தெரிஞ்சது சூடு ஒண்ணுதான். பொட்டியில ரொம்ப நாளா மடிச்சு வெச்ச சேலையில மடிப்பு விழுந்துருதில்லீங்க, அந்த மாதிரி. ஒரு கை தினமும் ஒரே எடத்துல, ஒரே சூட்டுல அழுத்திட்டே இருந்தா, ரப்பருக்குள்ள அது மடிப்பா விழுந்துருது. திரும்ப மெதுவாச் சூடு பண்ணுனா, எந்தச் சூட்டுல மடிப்பு விழுந்துச்சோ அதைத் தாண்டறப்ப மடிப்புப் பிரியுது. பிரியறப்ப நீங்க புடிச்சிருந்தீங்கன்னா, அவங்க கை எப்படி இருந்துச்சோ அது உங்க கைக்குத் தெரியும்.”

“எத்தனை தடவைங்க பார்க்கலாம்?” என்பார்கள். இந்தக் கேள்வி வராத நாளே கிடையாது.

“இஸ்திரி போட்டதுக்கப்புறம் மடிப்பு இருக்குங்களா? ஒரே தடவைதானுங்க. பதினோரு நிமிஷம்.”

சிலர் அப்படியே டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஃப்ரிட்ஜில் முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் வருஷக்கணக்கில் வைத்திருப்பார்கள். கோவை வெயில் ஒரு மதியம் பட்டாலே மடிப்புப் பாதி போய்விடும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்தக் காலத்தில் மொபெட்டை வெயிலில் நிறுத்திவிட்டுப் போனால், பெண்டாட்டிகள் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவருவார்கள். ஒரு அம்மாள் வந்து, தன் வீட்டுக்காரர் கைப்பிடியை நூற்றைம்பது டிகிரியில் போட்டு எரித்துக் கொடுங்கள் என்று கேட்டாள். அந்தக் கை இனிமேல் உலகத்தில் எங்கேயும் மிச்சம் இருக்கக் கூடாது என்றாள். கோகிலவாணி ஒன்றும் கேட்காமல் செய்துகொடுத்தாள்.

வம்புகளும் வந்தன. காரமடையிலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர், அப்பா கையை யார் பிடிப்பது என்று அடித்துக்கொண்டு, கடைசியில் கைப்பிடியை ரம்பத்தால் சரிபாதியாக அறுத்துக் கொண்டுவந்தார்கள். ஒருவனுக்கு உள்ளங்கை கிடைத்தது, ஒருவனுக்கு இரண்டு விரல் கிடைத்தது. இரண்டு பேரும் அழுதார்கள். அதற்குப் பிறகுதான் லேபில் விதி போட்டார்கள்: இறந்தவருக்கு எத்தனை வாரிசோ அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டால்தான் முதல் சூடு. அந்த விதியை எழுதியவளே கோகிலவாணிதான். எழுதும்போது அவளுக்கு மனசு குறுகுறுத்தது.

காரணம் இருக்கிறது. அவள் புருஷன் தேவசேனாபதி நாற்பத்தேழு வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், தோசை சாப்பிட்டுக்கொண்டே போய்விட்டார். அவருடைய மொபெட்டின் வலது கைப்பிடியை, காரியம் முடிந்த மூன்றாம் நாளே கோகிலவாணி கழற்றிக்கொண்டு லேபுக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை, லேபில் யாரும் இல்லை. தனியாக உட்கார்ந்து, தானே வயரை மாட்டி, பதினோரு நிமிஷமும் தானே பிடித்துக்கொண்டாள். மகள் வெண்ணிலாவிடம் கேட்கவே இல்லை. கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை, அவ்வளவு பசி.

வெண்ணிலாவுக்கு ஒரு மாதம் கழித்துத் தெரிந்தது. “எங்கப்பா கையை நீ மட்டும் எப்படிம்மா புடிச்சே?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். இருபத்திரண்டு வயதுப் பெண். ஈரோட்டில் வேலை வாங்கிக்கொண்டு போனவள், அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டாள். பொங்கலுக்குப் போன் வரும். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், மழை பெய்ததா, பெய்தது, வைக்கட்டுமா. ஒன்பது வருஷமாக இதுதான்.

இடது கைப்பிடி மட்டும் ஃப்ரிட்ஜில் இருந்தது. எங்கேயும் போகாது என்ற தைரியத்தில் கோகிலவாணி அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். ஆனால் ரப்பருக்கும் வயசாகும். காற்றுப்பட்டு, உள்ளே மெல்ல இறுகி, பத்து வருஷத்தில் மடிப்புகள் எல்லாம் தானாகவே மங்கிவிடும் என்று அவளே நானூறு குடும்பங்களுக்குச் சொல்லியிருக்கிறாள். ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. இனி எண்ணி ஒரு வருஷம்.

அவளுக்கு அந்த இடது கைதான் வேண்டும். வலது கையில் கிடைத்தது ஆக்ஸிலேட்டர் முறுக்குகிற கை, அவசரக் கை. ஆபீஸுக்கு லேட்டாகிவிட்டது என்கிற கை. இடது கையின் கதையே வேறு.

சரவணம்பட்டியிலிருந்து லேபுக்கு அவர்தான் தினமும் அவளைக் கொண்டுவந்து விடுவார். வெண்ணிலா சின்னவளாக இருந்தவரைக்கும் மூன்று பேராகப் போவார்கள். வழியில் அவளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவார்கள். அப்புறம் அவள் சைக்கிளில் போக ஆரம்பித்ததும் இரண்டு பேர். மார்கழி மாதம் அந்த ரோட்டில் காற்று ஊசி ஊசியாகக் குத்தும். கோகிலவாணி பின்னால் உட்கார்ந்து இரண்டு கையையும் அவர் வயிற்றில் கோத்துக்கொள்வாள். மேட்டைத் தாண்டி ரோடு சமதளமானதும் அவர் இடது கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து, அவள் விரல்களின் மேல் வைத்துப் பொத்திக்கொள்வார்.

“ஒத்தக் கையில ஓட்டாதீங்க! பிரேக்கு யாரு புடிக்கறது?” என்று கத்துவாள்.

“உங்கொப்பன் புடிப்பாரு, நீ பேசாம உக்காரு,” என்பார் அவர்.

கையை எடுக்க மாட்டார். லேப் வாசலில் இறங்கியதும் அவள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போவாள். போகும்போது உள்ளுக்குள்ளே பூரிப்பாக இருக்கும். ஒரு நாளாவது அதை அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தக் காலை நேரத்துச் சத்தி ரோடும், பால் வேன்களும், பேக்கரிகளிலிருந்து வரும் ரொட்டி வாசனையும், அவர் முதுகில் சாய்ந்திருந்த அந்த இருபது நிமிஷமும் இனி அவளுக்கு எந்த ஜென்மத்தில் கிடைக்கப்போகிறது?

ஏப்ரல் மாதம் ஃப்ரிட்ஜ் கெட்டுப்போனது. கம்ப்ரஸர் போய்விட்டது, சனிக்கிழமைதான் வருவேன் என்றான் ரிப்பேர்க்காரன். வெளியே நாற்பது டிகிரி. கோகிலவாணி பதறிப்போய்க் கைப்பிடியை ஐஸில் போட்டுக்கொண்டு வியாழக்கிழமை லேபுக்கு ஓடிவந்தாள். லேபின் குளிர் அலமாரியில் வைத்துவிடலாம். நாளைக்கு மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போயிருக்கும் நேரத்தில், முதல் சூட்டைத் தானே எடுத்துக்கொள்ளலாம். இனியும் தள்ளிப்போட முடியாது.

ஆனால் அலமாரியில் டேக் இல்லாமல் எதையும் வைக்க முடியாது. லேபில் இரண்டு டேக் உண்டு. இறந்தவர்களின் கைப்பிடிக்குச் சிவப்பு. கம்பெனிகளிலிருந்து வரும் சாதாரண ரப்பருக்கு, அதாவது ஹோஸ், வாஷர், பெல்ட் துண்டு, புதுக் கைப்பிடிகளுக்கு, வெள்ளை. சிவப்பு டேக் போட்டால் ஃபாரம் நிரப்ப வேண்டும், வாரிசு என்ற இடத்தில் வெண்ணிலாவின் கையெழுத்து வேண்டும். ஈரோட்டுக்குப் போன் போட்டுக் கேட்டால் என்ன? கேட்டால் அவள் வருவாள். வந்தால் அவள்தான் பிடிப்பாள், பிடிக்க வேண்டியதும் அவள்தான். கோகிலவாணிக்கு அது நன்றாகவே தெரிந்தது. தெரிந்துகொண்டேதான் வெள்ளை டேக்கை எடுத்துக் கட்டினாள். ஒரே ஒரு நாளைக்குத்தானே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

இங்கே நாச்சிமுத்துவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரிவில் இருந்த அந்த இன்னொரு ஆள் அவர்தான். இருபத்தாறு வருஷ சர்வீஸ். ஒல்லியான மனுஷர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா இருந்தவரைக்கும் அம்மாவைப் பார்த்துக்கொண்டார், அம்மாவும் போன பிறகு துடியலூரில் ஒற்றை அறையில் இருந்தார். யாரோடும் ஒட்ட மாட்டார், ஆனால் வேலையில் சுத்தம். மீட்டரில் பார்த்த எண்ணை ஒரு புள்ளி கூட்டியோ குறைத்தோ எழுதியதே கிடையாது. ஒரு தடவை கம்பெனிக்காரர்கள் ஒரு ரீடிங்கை விட்டுவிடச் சொன்னதற்கு, “கண்ணுல பட்டதை எப்படிங்க உடறது?” என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். கோகிலவாணி அவரை அண்ணா என்பாள். அவர் அவளை மேடம் என்பார்.

வெள்ளிக்கிழமை காலையில் கணபதியில் லாரி ஒன்று குறுக்கே கவிழ்ந்து ரோடே அடைத்துக்கொண்டது. கோகிலவாணி லேபுக்கு வந்து சேர்ந்தபோது மணி பத்தே முக்கால். நாச்சிமுத்து மெஷினுக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவருடைய வலது கை மடியில் மல்லாந்து கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னாச்சுங்கண்ணா? ஒடம்பு சரியில்லீங்களா?”

அவர் நிமிர்ந்தார். கண்கள் சிவந்திருந்தன.

“மேடம்… அலமாரியில வெள்ளை டேக்குல ஒரு கிரிப் இருந்துச்சுங்க. உங்களுக்கு லேட்டாகுமேன்னு, ஒரு வேலையாவது கொறையட்டும்னு நானே எடுத்து ஓட்டிப்போட்டனுங்க.”

கோகிலவாணி மெஷினைப் பார்த்தாள். கிளாம்ப்பில் தேவசேனாபதியின் இடது கைப்பிடி இறுக்கமாக மாட்டியிருந்தது. மீட்டர் நூற்றைம்பதைக் காட்டியது.

வெள்ளை டேக்கை எப்படி ஓட்டுவார்கள் என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கம்பெனி ரப்பர் லாரியில் வெயில்பட்டு வந்திருக்கும், கோடவுனில் கிடந்திருக்கும். அந்தப் பழைய கதையெல்லாம் முதல் சூட்டில்தான் வெளியே வரும். அது கம்பெனிக்குத் தேவையில்லை. அதனால் முதலில் ஒரு தடவை நூற்றைம்பது வரைக்கும் சூடேற்றிப் பழசையெல்லாம் அழித்துவிட்டு, ஆறவைத்து, மறுபடி சூடேற்றி, அந்த இரண்டாவது சூட்டின் கணக்கைத்தான் எழுதுவார்கள். எந்த ரப்பர் லேபுக்குப் போனாலும் இதுதான் பழக்கம். எழுதப்போவதில்லை என்பதால் முதல் சூட்டுக்கு யாரும் கிளாம்ப்பைக்கூடச் சரியாக முடுக்க மாட்டார்கள். அந்தப் பழைய மெஷினில் அது ஒரு பெரிய தொல்லை. சாம்பிளைச் சும்மா கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஐம்பது டிகிரி நெருங்கிக் கை சுடும்போதுதான் ஸ்குரூவை முடுக்குவார்கள். நாச்சிமுத்துவும் அப்படித்தான் இருபத்தாறு வருஷமாகச் செய்துவந்தார். அந்தப் பழக்கத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்தவள் கோகிலவாணி.

“அது யாரோடதுன்னு தெரியுங்களா?” என்றாள்.

“பாதியில தெரிஞ்சுதுங்க. கம்பெனி ரப்பர் கையைப் புடிக்காதுங்களே.” அவர் மெஷின் பக்கம் கையைக் காட்டினார். “யாரோ ஒருத்தரோட கிரிப், டேக் மாறிப்போச்சுன்னு தெரிஞ்சுதுங்க. ஸ்குரூ முடுக்கறப்ப உள்பக்கம் பார்த்தப்பறம்தான், ஐயா பேரு எழுதியிருந்தது தெரிஞ்சுதுங்க.”

“பாதியில தெரிஞ்சுதா?” அவள் அவர் முன்னால் போய் நின்றாள். “எத்தனை டிகிரியில தெரிஞ்சுது?”

“முப்பத்தொண்ணுலீங்க.”

“முப்பத்தொண்ணுல சுவிட்சை நிறுத்தியிருந்தா முக்கால்வாசி மிச்சம் இருந்திருக்குமே! உங்களுக்குத் தெரியாததாண்ணா? ஏன் நிறுத்தலே?”

நாச்சிமுத்து பொய் சொல்லியிருக்கலாம். கை சுவிட்சுக்கு எட்டவில்லை, பயந்துபோனேன் என்று எதையாவது சொல்லியிருந்தால் அவளும் நம்பியிருப்பாள்.

“நிறுத்தோணும்னு தெரிஞ்சுதுங்க. இன்னொரு கை சுவிட்சு மேலதான் இருந்துச்சு. ஆனா உட மனசு வரலீங்க, மேடம்.” அவர் தலையைக் குனிந்துகொண்டார். “எங்கம்மா போயிப் பதினாலு வருஷமாச்சுங்க. அதுக்கப்புறம் எம்பட கையை யாரும் புடிச்சதில்லீங்க. டாக்டர்கூட இப்பெல்லாம் மெஷினை மாட்டித்தானுங்க பாக்கறாரு. திடீர்னு ஒரு கை வந்து புடிச்சுதா… இன்னும் ஒரு நிமிசம், இன்னும் ஒரு நிமிசம்னு இருந்துட்டனுங்க. தப்புத்தானுங்க. திருடுன மாதிரிதானுங்க.”

கோகிலவாணிக்கு வந்த ஆத்திரத்தில் அவரை என்ன வேண்டுமானாலும் செய்திருப்பாள். வாய் வரைக்கும் வார்த்தை வந்தது. பாவி மனுஷா, என் வீட்டுக்காரர் கையாயிற்றே, நான் ஒன்பது வருஷம் பொத்திவைத்ததாயிற்றே. ஆனால் கண்ணுக்கு எதிரே அந்த வெள்ளை டேக் தொங்கியது. அதில் இருந்தது அவளுடைய எழுத்து. அவர் திருடினார் என்றால், திருட்டுப்பொருளை அல்லவா அவள் கொண்டுவந்து வைத்தாள்? அவள் இன்னொரு ஸ்டூலில் உட்கார்ந்து வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு அழுதாள். நாச்சிமுத்து எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

அழுகை ஓய்ந்ததும் அவள் கேட்டாள். “எப்படி இருந்துச்சு? சொல்லுங்க. பார்த்தது பார்த்தபடி சொல்லுங்க, எதையும் உட்டுராதீங்க.”

அவருக்குத் தெரிந்த ஒரே மொழியில் அவர் சொன்னார். “இருபத்தெட்டுல சுண்டுவிரல் மட்டும் வந்துச்சுங்க, சும்மா தொட்டும் தொடாத மாதிரி. முப்பத்தொண்ணுல உள்ளங்கை. நல்ல அகலமான கை, பெருவிரல் மட்டும் அப்பப்பத் தட்டிட்டே இருக்குது, பாட்டுக்குத் தாளம் போடற மாதிரி. அப்புறம் முப்பத்திநாலுல கை காணாமப் போயிருதுங்க.”

“காணாமன்னா?”

“கிரிப்பை உட்டுட்டு எங்கியோ போயிருதுங்க. கொஞ்ச நேரம் வெறுங்காத்துதான். அப்புறம் திரும்பி வருது. இப்படியே போறதும் வாறதுமா இருக்குதுங்க. ஆனா ஒண்ணு, போனதை உடத் திரும்பி வாறப்ப சூடு எச்சாயிருக்குது. ரெண்டு டிகிரி எச்சு. எதையோ பொத்தி வெச்சிருந்துட்டு வாறாருங்க. அந்தச் சூட்டுக்கு நடுவுல ஒரு எடத்துல மட்டும் ஜில்லுனு ஒரு கோடு. நேர்க்கோடு இல்லீங்க, நெளிஞ்ச கோடு. ஏதோ இரும்பு சாமான் அழுந்துன மாதிரி.”

கோகிலவாணி தன் இடது கையைப் பார்த்தாள். மோதிர விரலில் நெளி மோதிரம் இருந்தது. கல்யாணத்துக்கு அவர் போட்டது, அவள் கழற்றியதே இல்லை. மார்கழிக் குளிரில் அது ஐஸ் மாதிரி இருக்கும். அவர் உள்ளங்கையில் அது அழுந்தியிருக்கிறது, அழுந்திய இடத்தை அந்தக் கை ஹேண்டில்பாருக்குக் கொண்டுவந்திருக்கிறது, இத்தனை வருஷமும் ரப்பர் அதை வைத்திருந்திருக்கிறது. அவளுக்கு மறுபடியும் அழுகை பொங்கியது. ஆனால் இந்தத் தடவை ஆத்திரம் இல்லை. நாச்சிமுத்து அவள் பார்வை போன இடத்தைப் பார்த்தார், மோதிரத்தைப் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து, “எம்.டி.கிட்ட நானே சொல்லிப்போடறனுங்க,” என்றார்.

“எம்.டி. கெடக்கறாரு. சொல்ல வேண்டியது எம் பொண்ணுகிட்ட. ஞாயித்துக்கிழமை எங்க வூட்டுக்கு வாங்க.”

அன்று சாயங்காலம் அவள் ஈரோட்டுக்குப் போன் செய்தாள். சாப்பிட்டாயா என்று ஆரம்பிக்கவில்லை. “அப்பாவோட லெஃப்ட் கிரிப்பு போயிருச்சு கண்ணு. உனக்குத் தெரியாம நான் எடுத்துக்கப் பார்த்தேன், அதுலதான் போச்சு,” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். “வர்றேன்,” என்றாள் வெண்ணிலா.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தாள். முப்பத்தொரு வயதில் முகத்தில் அப்பா சாடை இன்னும் கூடியிருந்தது. செருப்பைக் கழற்றிக்கொண்டே, “ரெண்டாவது தடவைம்மா,” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஆமாம் என்று கோகிலவாணி தலையாட்டினாள்.

நாச்சிமுத்து அதற்கு முன்பே வந்து ஹாலில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்திருந்தார். தான் செய்ததை முழுசாக, தன்னைத் துளியும் காப்பாற்றிக்கொள்ளாமல் சொன்னார். விட மனசு வரவில்லை என்பதையும் சொன்னார். வெண்ணிலா முதலில் அவரை வெறுப்போடுதான் பார்த்தாள். அந்த இடம் வந்ததும் வெறுப்பு எங்கே போயிற்றோ தெரியவில்லை. அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாமா,” என்றாள். அம்மா அண்ணா என்று கூப்பிடுகிறவரை அவள் வேறு எப்படிக் கூப்பிடுவாள்? “அது எப்படிப் புடிச்சுதுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்குதா?”

“ஏன் இல்லாம கண்ணு? இப்பவும் கையிலியே இருக்குது.”

“எனக்குக் காட்டுவீங்களா?”

நாச்சிமுத்து கோகிலவாணியைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, “தப்பா நெனைக்காதே கண்ணு,” என்று சொல்லிவிட்டு, வெண்ணிலா நீட்டிய கையைப் பிடித்தார். முதலில் சுண்டுவிரல், தொட்டும் தொடாமல். பிறகு உள்ளங்கை. பிறகு பெருவிரல் தட்ட ஆரம்பித்தது. வெண்ணிலா கண்ணை மூடிக்கொண்டாள். “அப்பா பாட்டுப் பாடிட்டேதாம்மா ஓட்டுவாரு,” என்று முனகினாள். கோகிலவாணி சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நெஞ்சு வலித்தது, அது சுகமாகவும் இருந்தது. தன் முறை எப்போது வரும் என்று ஒரு பக்கம் மனசு சின்னப் பிள்ளை மாதிரி கேட்டது.

நாச்சிமுத்து கையை எடுத்தார்.

“என்ன மாமா?”

“இந்த எடத்துல கை போயிருது கண்ணு. கொஞ்ச நேரம் இருக்காது.” அவர் தன் இரண்டு கைகளையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு மறுபடி அவள் கையைப் பிடித்தார். “இப்படித் திரும்பி வருது. சூடா.”

வெண்ணிலா கண்ணைத் திறந்தாள். கன்னமெல்லாம் தண்ணீர்.

“அது நாந்தாம்மா!” என்றாள். “நான் முன்னால நின்னுட்டு வருவேன்ல, ரெண்டாவது படிக்கறப்ப? மேடு தாண்டுனதும் அப்பா இந்தக் கையை எடுத்து என்ற வயித்தைப் புடிச்சுக்குவாரு. ஸ்வெட்டருக்குள்ள கையை உட்டுக்குவாரு, குளுருதுடா பாப்பான்னு. எம்பட சூடும்மா அது. என்னைப் புடிச்சிருந்துட்டுத்தான் அந்தக் கை திரும்பிப் போயிருக்குது.” விசும்பலுக்கு நடுவில் சிரித்தாள். “அப்பா எனக்கு எதையுமே வெக்காமப் போயிட்டாருன்னு நெனச்சுட்டிருந்தேம்மா.”

நாச்சிமுத்து கோகிலவாணியை ஏறிட்டுப் பார்த்தார். அவள் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமா கண்ணு,” என்றாள் கோகிலவாணி. “உன்னையத்தான் புடிச்சுக்குவாரு. நீ ஒரு எடத்துல நிப்பியா, ஆடிட்டே வருவே. ஒத்தக் கையில ஓட்டாதீங்கன்னு பின்னால இருந்து நான் கத்திட்டே வருவேன்.”

வெண்ணிலா நாச்சிமுத்துவின் பக்கம் திரும்பினாள். “திரும்பி வர்றப்ப அதுல வேற ஏதாச்சும் தெரிஞ்சுதா மாமா? எதையும் உட்டுராதீங்க, எனக்குத் தெரியணும்.”

மீட்டரில் பார்த்ததை இருபத்தாறு வருஷத்தில் ஒரு புள்ளிகூட விட்டறியாத மனுஷர், தன் கையைத் திருப்பி உள்ளங்கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

“வேற ஒண்ணுமில்ல கண்ணு,” என்றார். “சூடு மட்டுந்தான்.”

கோகிலவாணி இடது கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு, எல்லோருக்கும் காப்பி போட உள்ளே போனாள்.